மண்டூருக்கு மூண்டு வழி

மண்டூர் ஆக்களுக்கு இது தெரிஞ்ச கததான், மத்தவங்களுக்காகச் சொல்றன். மட்டக்களப்பு டவுன் பக்கம் இருந்து எங்கட ஊருக்குப் போக மூண்டு வழி இருக்கு. ஒண்டு, களுவாஞ்சிகுடி தாண்டி குருமண்வெளில திரும்பி, பாதையில, அதாவது ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவப் படகுல, ஏறி வாவியக் கடக்கிறது. இதுதான் கிட்ட வழி, மோட்டர் சைக்கிள ஏத்திட்டு நிண்டுகொண்டே போய் இறங்கலாம். ரெண்டாவது, பட்டிருப்புப் பாலத்தால போரதீவுப் பக்கம் போய் வெல்லாவெளியால சுத்தி வாறது. மூண்டாவது, கல்முனை வரைக்கும் இறங்கி, கிட்டங்கித் தாம்போதிய (தண்ணி மேலால பாயிற தாழ்வான ரோட்டு) கடந்து, சவளக்கடை நாவிதன்வெளி எண்டு அம்பாறை மாவட்டத்துக்குள்ளால போய் பின்பக்கமா ஊருக்குள்ள பூருறது.

கோடையில மூண்டும் வழிதான். கார்த்திக மார்கழி வந்தா ஒண்டொண்டாப் பூட்டும். முதல்ல காத்தடிச்சா பாதை நிக்கும். மறுகா கிட்டங்கி தாழும், அது தாழாட்டி அது கிட்டங்கியே இல்ல. கடைசியா வெல்லாவெளி ரோட்டு. அதுவும் போச்செண்டா மண்டூர் தீவுதான். மண்முனையில 2014ல பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலை ஆக்களுக்கு அந்தப் பிரச்சின விட்டுது, எங்களுக்கு விடல்ல.

இத இப்ப ஏன் எழுதுறன் எண்டா, டொரண்டோல இருக்கிற என்ட தம்பி போன கிழம ஸ்னோல கார் ஓட்டுற வீடியோ ஒண்டு குடும்ப குரூப்ல போட்டு, அதுக்குக் கீழ “உங்களுக்கு எல்லாம் என்ன, வெயில் நாடு, குடுத்து வச்ச ஆக்கள்” எண்டு எழுதி, அதுக்கு எங்கட சொந்தக்காரர் எல்லாம் சிரிப்புப் படம் போட்டு, எனக்கு விசர் வந்திட்டு. அதுதான் முந்தின மார்கழில அம்மாவக் கூட்டிவரப் போன நாள அவனுக்கும் சேர்த்து இஞ்ச எழுதி வைக்கிறன்.

அண்டைக்கு வெள்ளாப்புல போன் வருது, ஊர்ல பக்கத்து வீட்டு அண்ணன். “தங்கச்சி, வளவுக்குள்ள தண்ணி வந்திட்டு, நவகிரிக் குளத்துட வான்கதவு திறந்திட்டாங்களாம், ஜீ.எஸ். (கிராம சேவகர்) சொல்லிட்டுப் போறார், அம்மா எழும்புறா இல்ல” எண்டார். எழும்புறா இல்ல எண்டா நித்திரையில இல்ல, வீட்ட விட்டு எழும்ப மாட்டன் எண்டு நிக்கிறா. அம்மாக்கு அறுபத்தஞ்சு தாண்டிட்டு, முழங்கால் நோ, தனிய இருக்கிறா. கூட்டிவந்து வச்சா ரெண்டு நாளுக்கு மேல கல்லடில எங்கட வீட்டில இருக்க மாட்டா. கடல் சத்தம் காதுக்குள்ள இரையுதாம்.

இதுல டவுன் ஆக்கள் விளங்கிக்கொள்ளாத விசயம் ஒண்டு இருக்கு. எங்கட இவர் ஜன்னலத் திறந்து பார்த்திட்டு “மழ விட்டிட்டே, பின்னேரம் போவமே” எண்டார். அவர் கடற்கரைல பிறந்தவர், மணல் நிலம், பெய்யிற தண்ணி உடன இழுத்திடும், அவருக்கு வெள்ளம் எண்டா தலைக்கு மேல இருந்து விழுறது. எங்கட படுவான்கரைல, அதாவது வாவிட மேற்குக் கரைல, வெள்ளம் மேற்கால இருந்து வாறது. இஞ்ச பெய்யிற மழைல வயல் நிரம்பும், அவ்வளவுதான். ரோட்ட மூடுறது அங்கால காட்டுப் பக்கம் பெஞ்சு குளத்துக்கு வந்து, குளம் கொள்ளாம வான் பாஞ்சு, ஆத்தால இறங்கி வாற தண்ணி. அது வந்து சேர நேரம் எடுக்கும். அதுக்குள்ள இஞ்ச வானம் வெளிச்சிடும், சனம் சீலை காயப்போடும், அப்பதான் ரோட்டுல ஏறும். அதால பின்னேரம் எண்ட கதைக்கே இடமில்ல, இப்ப போகோணும் எண்டன்.

கார் ஓட்டுறது நான்தான். இவருக்கு மோட்டர் சைக்கிள் லைசன் மட்டும்தான் இருக்கு, கார் லைசன் எடுக்கிறன் எடுக்கிறன் எண்டு மகள் ஆறாம் ஆண்டுக்கும் வந்திட்டாள். ஆனா பக்கத்து சீட்டுல இருந்து ஓட்டுறதில அவர அடிக்க ஆளில்ல. எங்கட வாகன் ஆர் ஹைப்ரிட், அடிப்பக்கத்துக்கும் ரோட்டுக்கும் இடையில ஒரு சாண் கூட வராது, ஹைப்ரிட் பட்டரி வேற முன் சீட்டுக்குக் கீழ, அதாவது சரியா எங்கட இவர்ர இருப்புக்குக் கீழ. அத நான் அவருக்குச் சொல்லியிருக்கக் கூடாது. வழி முழுக்க கால ரெண்டையும் தூக்கி வச்சுக்கொண்டு வந்தார்.

பிள்ளைகள விட்டிட்டுப் போக இடமில்ல, ரெண்டு பேரும் பின்னால. கல்லடில இருந்து ஆரையம்பதி தாண்டி செட்டிபாளையம் மட்டும் பிரச்சின இல்ல, மழ தூறினது, வைப்பர் பாட்டுக்கு ஓடிச்சு. மகன் தோடம்பழ இனிப்ப முழுங்கிட்டு சத்தி வருது எண்டான், மகள் அவன் பொய் சொல்றான் எண்டாள், அவன் அவள்ட பாவாடைல எடுத்துக் காட்டினான் பொய் இல்ல எண்டு. களுதாவளைல நிப்பாட்டிக் கழுவினம். வெத்திலக் கொழுந்து வித்துக்கொண்டு நிண்ட ஒரு அம்மா போத்தல் தண்ணி தந்தா, “இந்த மழைல பிள்ளைகளையும் கொண்டு எங்க போறீங்க” எண்டு ஏச்சும் தந்தா.

பட்டிருப்புப் பாலத்துல ஏறினா ரெண்டு பக்கமும் வாவி மண்ணிறத்துல பெருகிக் கிடக்கு, சல்வீனியாப் பாசி திட்டுத் திட்டா மிதந்து போகுது. பாலத்துக்கு அங்கால மாடுகள். வெள்ளத்துல மாட்டுக்கு நிக்க காஞ்ச இடம் எண்டு இருக்கிறது தார் ரோட்டு மட்டும்தான், அதுகள் நடு ரோட்டுல படுத்து அசை போடும், ஹோர்ன் அடிச்சா திரும்பிப் பார்க்கும், எழும்பாது. எருமையள் இன்னும் மோசம். இவர் இறங்கி, குடைய விரிச்சு விரிச்சு மூடி மாட்ட எழுப்பினார், அண்டைக்கு அவர் செய்த ஒரே பிரயோசனமான வேல அது (வாசிச்சா கோவிப்பார், பரவால்ல). மதகு மதகா ஆக்கள் வீச்சு வல எறிஞ்சுகொண்டு நிண்டாங்க, விரால், கணையான் எண்டு வாளில துள்ளுது. இவர் நிப்பாட்டச் சொன்னார். நான் நிப்பாட்டல்ல.

வெல்லாவெளி கழிஞ்சு ரோட்டுல தண்ணி ஆரம்பிக்குது. போகேக்க கணுக்காலளவு, ஓட்டம் பெரிசா இல்ல, தார்ல போட்ட வெள்ளக் கோடு தண்ணிக்குக் கீழ தெரியுது. கோடு தெரியிற மட்டும் போகலாம் எண்டு எங்கட அப்பா சொல்லுவார், அவர் உழவு மெசின் ஓட்டினவர். இந்தக் காருல முதல் செய்ய வேண்டியது ஐடில் ஸ்டொப்ப நிப்பாட்டுறது, இல்லாட்டி நாம மெதுவாப் போறம் எண்டு நினைச்சு அது தன்ட பாட்டுல நடுத் தண்ணில எஞ்சின ஓஃப் பண்ணிடும். ஏசியையும் நிப்பாட்டி, கியர எல்-ல போட்டு, ரோட்டுட நடுவுல, ஏனெண்டா தார் ரோட்டு நடுவுலதான் உயரம், ஒரே வேகமா, அலை எழும்பாம. எதிர்க்க ஒரு டிப்பர் வந்தா நிண்டு அவன விட்டிட்டுத்தான் இறங்கோணும், அவன் தள்ளுற அலை ஒண்டு காணும் எங்கட எஞ்சினுக்குள்ள தண்ணி ஏற. காத்து இழுக்கிற குழாய்க்குள்ள தண்ணி போனா எஞ்சின் நிண்டிடும், நிண்ட பிறகு திருப்பி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, பண்ணினா உள்ளுக்க கம்பி வளைஞ்சிடும், மறுகா எஞ்சின்தான் மாத்தோணும். இதெல்லாம் இவருக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினன், அவர் பதில் சொல்லல்ல, முருகனக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அங்கால போய் ஏறினதும் பிரேக்க மெல்ல மெல்ல மிதிச்சு ஈரத்தக் காய வச்சிட்டு ஊருக்குள்ள போனம்.

அம்மா வாசல்ல நிக்கிறா. வளவுல தண்ணி, வீட்டுப் படி ரெண்டு தாழ்ந்திட்டு, இன்னும் ஒரு படி இருக்கு. “ஒரு படி இருக்கே, அதுக்குள்ள ஏன் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்த” எண்டு கேட்டா. கூட்டிவரப் போன எனக்கு அவ சொன்ன முதல் சொல் அது. கோழியள என்ன செய்யிற எண்டு ஒரு அரைமணித்தியாலம். கோழியக் கூட்டோட பரணுல ஏத்தி, அரிசி வாளிய கட்டிலுக்கு மேல வச்சு, காணி உறுதியெல்லாம் பொலித்தீன் பேக்ல சுத்தி, மறுகா திரும்பி உள்ளுக்க போறா, என்னம்மா எண்டா, தயிர்ச் சட்டி. மருமகனுக்கெண்டு புரை ஊத்தி வச்சதாம், அத விட்டிட்டு வர ஏலாதாம். இவர் அந்தத் தயிர்ச் சட்டிய மடில வச்சுக்கொண்டு கார்ல இருந்தார், கால் ரெண்டும் மேல.

திரும்பி வந்து பார்த்தா வெயில் எறிக்குது. நல்ல வெயில். தண்ணி முழங்காலுக்கு மேல.

ரோட்டுட மேற்குப் பக்க வயலும் ரோட்டும் ஒரே மட்டத்துல கிடக்கு, தண்ணி மேல இருந்து வந்து தார்ல ஏறி, அங்கால வாவிப் பக்கம் இரைஞ்சு விழுது. வெள்ளக் கோடு இல்ல. கரை எங்க எண்டு காட்ட பொடியன்மார் தென்னோலை கட்டின தடி ரெண்டு பக்கமும் நட்டிருக்கிறாங்க, அதுல ஒரு தடி சரிஞ்சு போகுது, பார்த்துக்கொண்டு நிக்கேக்கயே. ஒரு தம்பி சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு உள்ளுக்க நடந்து காட்டினான், நடுவுக்குப் போகேக்க தண்ணி அவன்ட கால இழுக்கிறது தெரியுது, உடம்பச் சரிச்சு வச்சு நடக்கிறான். “அக்கா, கார விட்டிட்டு பிள்ளைகளோட உழவு மெசின் பின்பெட்டில ஏறுங்க, அங்கால விடுறம்” எண்டாங்க. நல்ல மனசுலதான் கேட்டாங்க. பெட்டில ஏற்கனவே ஆக்கள் ஏறி இருக்கிறாங்க.

எனக்கு 2024 கார்த்திக 26 ஞாபகம் வந்திட்டு. காரைதீவு மாவடிப்பள்ளில மத்ரசாப் பிள்ளைகள் பள்ளி விட்டு வீட்ட போறதுக்கு இதே மாதிரி மெசின் பெட்டில ஏறித்தான் வந்தது. இதே மாதிரி ஓடுற தண்ணி, பெட்டி பிரண்டு பிள்ளைகள் போயிட்டாங்க. அந்தக் கிழம முழுக்க எங்கட பக்கம் ஒரு வீட்டிலயும் ஒழுங்கா உல வைக்கல்ல, தமிழ் ஆக்கள் முஸ்லிம் ஆக்கள் எண்டில்ல, எல்லாரும் அந்தத் தாய்மாரப் பத்தித்தான் கதைச்சம். அதுக்குப் பிறகு ஓடுற தண்ணிக்குள்ள என்ட பிள்ளைகள நான் எதிலயும் ஏத்த மாட்டன், அது காரா இருந்தாலும் மெசினா இருந்தாலும். நிக்கிற தண்ணி வேற, ஓடுற தண்ணி வேற. ஒரு அடி தண்ணி ஓடினாக் காணும், 800 கிலோ மட்டில இருக்கிற எங்கட காரத் தூக்கி மிதக்க வைக்க. மிதந்தா மறுகா ஸ்டீரிங் உங்கட கையில இருக்கிறது பேருக்குத்தான்.

“திருப்புறன்” எண்டன். இவர் ஒண்டும் சொல்லல்ல, தயிர்ச் சட்டியப் பிடிச்சுக்கொண்டு தலைய ஆட்டினார். அம்மா பின்னால இருந்து “நான் அப்பவே சொன்னன்” எண்டா. என்ன சொன்னவ எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல்ல.

பெரியம்மாட வீடு கோயில் பக்கம், மேட்டு நிலம். அங்க போனா எங்களுக்கு முன்னமே ரெண்டு குடும்பம் வந்திருக்கு. கரண்ட் இல்ல. பாய் விரிச்சு எல்லாரும் ஒரே அறைக்குள்ள. பெரியம்மா பெரிய பானைல சோறு போட்டு, கருவாடும் கத்தரிக்காயும் போட்டு ஒரு ஆணம் வச்சா, தயிர்ச் சட்டி அங்கதான் முடிஞ்சுது, ஆளுக்கு ஒரு கரண்டி வந்திருக்கும், இவருக்குக் கிடைக்கவே இல்ல. என்ட மகன் பகல் முழுக்க சத்தி எடுத்தவன் மூண்டு தரம் சோறு கேட்டான்.

இருட்டின பிறகு அம்மாவும் பெரியம்மாவும் 78 சூறாவளிக் கதைய எடுத்தாங்க. மழ வந்தா எங்கட வீட்டில அந்தக் கத வரும். கார்த்திக 23, பின்னேரம் தொடங்கின காத்து, கூரை போனது, நெல்லு மூட்டைக்குப் பின்னால குந்தி இருந்தது, விடியப் பார்த்தா ஊருல ஒரு தென்னையும் நிமிர்ந்து நிக்கல்ல எண்டது. அம்மாக்கு அப்ப கல்யாணம் கூட முடிக்கல்ல. முந்தி எல்லாம் நான் இதக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் எழும்பிப் போறது, அண்டைக்கு என்ட மகள் கன்னத்துல கை வச்சுக்கொண்டு “பிறகு? பிறகு?” எண்டு கேட்டுக்கொண்டு இருந்தாள், அம்மாக்கு நல்ல சந்தோசம், புதுசா ரெண்டு மூண்டு விசயம் சேர்த்தும் சொன்னா எண்டு நினைக்கிறன்.

விடிய தம்பி எடுத்தான், போன்ல சார்ஜ் சொட்டுதான் இருந்தது, பெரியப்பாட மெசின் பட்டரில போட்டு ஏத்தினது. அவனுக்கு அங்க முந்தின நாள் இரவு. ஸ்காபரோல இருந்து வேலைக்கு 401 எண்ட பெருந்தெருவால போய் வாறவன், அண்டைக்கு வீட்ட வந்து சேர மூண்டு மணித்தியாலமாம், இறங்குற வளைவுல கார் வழுக்கி பக்கத்துக் கட்டுல முட்டப் பார்த்ததாம். ரோட்டுல கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படியுமாம், ஈரத் தார் மாதிரித்தான் தெரியுமாம், அதுல பிரேக்க இறுக்கி மிதிச்சா முடிஞ்சுதாம், கால எடுத்திட்டு போக வேண்டிய பக்கத்தப் பார்த்து மெல்ல ஸ்டீரிங்கத் திருப்போணுமாம். 7 பாகைக்குக் கீழ போனா சும்மா டயர் றப்பர் இறுகிடும் எண்டு விண்டர் டயர் மாத்துவாங்களாம், கியூபெக்ல மார்கழி 1ல இருந்து பங்குனி 15 வரைக்கும் அது சட்டம், இவன் இருக்கிற ஒன்டாரியோல கட்டாயமில்ல. இவன் காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு மாத்தாம ஓடித் திரிஞ்சவன். அதக் கேட்டு அம்மா போன வாங்கி ஏசின ஏச்சு இருக்கே, வெள்ளத்துல நிக்கிற எங்களுக்கு ஒரு சொல் இல்ல, அங்க டயருக்கு அழுதா.

மறுகா அவன் கேட்டான், “அக்கா, அங்க ரோட்ட கிளியர் பண்ண ஒருத்தரும் வர மாட்டாங்களா?” எண்டு. அவங்கட ஊர்ல ஸ்னோ கொட்டக் கொட்ட தள்ளுற வண்டி வரும், உப்பு போடும், விடிய ரோட்டு கறுப்பாக் கிடக்கும். எங்கட தண்ணிய யார் தள்ளுறது? அது போறதெண்டா வாவிக்குப் போய், வாவில இருந்து முகத்துவாரத்தால கடலுக்குப் போகோணும். முகத்துவாரத்துல மண் மூடிக் கிடந்தா வெட்டி விடோணும். வெட்டுறது எப்ப எண்டுறதில வயல்காரருக்கு ஒரு கணக்கு, மீன்காரருக்கு ஒரு கணக்கு. இதுக்குள்ள குளத்தக் காப்பாத்த வான்கதவத் திறந்தே ஆகோணும், திறக்காட்டி குளக்கட்டு உடைஞ்சா ஊரே இல்ல. திறக்கிறதில எனக்குக் கோவமில்ல. திறக்கப் போறம் எண்டு முந்தின நாள் பின்னேரமே சொன்னா சனம் மாட்ட அவிழ்த்து, கிழட்டு ஆக்கள ஏத்தி அனுப்பிட்டு இருக்கும். எங்கட ஜீ.எஸ். பாவம், அவருக்கே விடியத்தான் சொல்லியிருக்கிறாங்க. குருமண்வெளிப் பாலத்தப் பத்திக் கதைக்க வெளிக்கிட்டா இந்தப் பதிவு முடியாது, நான் பள்ளிக்குடம் போன காலத்துல இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிற பாலம்.

தண்ணி ஒரு பகல் முழுக்க ஏறி, அடுத்த இரவு இறங்கிச்சு. வெல்லாவெளி ரோட்டுல வெள்ளக் கோடு தெரியுது எண்டு பொடியன்மார் வந்து சொன்னதும், நான் கார எடுத்து வீட்டு வாசல்ல விட்டு “வாங்கம்மா” எண்டன். அம்மா விளக்குமாத்தால வளவுச் சேத்த ஒதுக்கிக்கொண்டு நிக்கிறா. “தண்ணி வடிஞ்சிட்டே, இனி எதுக்கு?” எண்டா. கோழியள் பரணுல இருந்து இறங்கி அவட காலடில மேயுது, ஒண்டுக்கும் ஒண்டும் ஆகல்ல. பொங்கலுக்கு வாறன் எண்டு சொல்லி, அரச் சாக்கு நாட்டரிசியும் ஒரு சேவலும் ஏத்தி விட்டா. சேவல் மகன்ட பக்கம், சாக்கு மகள்ட காலடில.

வந்து சேர்ந்த பிறகு பின் பிரேக் கிறீச் கிறீச் எண்டு கத்தத் தொடங்கிட்டு, ட்ரம்முக்குள்ள மணல். கராஜ் தம்பி கழட்டிக் கழுவி, எண்ணெயில தண்ணி கலக்கல்ல, பட்டரிப் பக்கம் ஈரமில்ல எண்டு பார்த்துச் சொன்னான். இவர் அதக் கேட்டதுக்குப் பிறகுதான் முன் சீட்டுல கால கீழ வச்சார். லைசன் ஃபோர்ம் இன்னும் மேச லாச்சிக்குள்ளதான் கிடக்கு.